சுவரில் மாட்டிய பறவைக்குப் பெயர் வேண்டும்

பல் மருத்துவரின் முன்னறையில், உணவு விடுதியின் மாடிப்படி ஓரத்தில், துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால், புதுமனை புகுவோர்க்கு வரும் பரிசுப் பொதிகளில் என்று எங்கு பார்த்தாலும் இக்காலத்தில் பறவைப் படங்கள்! நேற்று எடுத்த புகைப்படங்கள் அல்ல இவை. நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலும் எடின்பரோவிலும் அச்சான பெரும் பறவை நூல்களில் இருந்து எடுத்து, மறுபடியும் அச்சிட்டு, கறுப்புச் சட்டத்துக்குள் அடைத்து விற்கப்படுபவை. கிளி, நாரை, ஆந்தை, ஓசனிச்சிட்டு எனப் பல. பழைமையின் சாயல் அவற்றில் இருக்கிறது. அதுவே வாங்குவோரைக் கவர்கிறது.

இப்படங்களை ஏளனம் செய்வோர் இரு திறத்தார். ஓவியம் பயின்றோர், "நகல்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவர். எம்மைப்போல் விலங்கியல் பயில்வோரோ, "அலங்காரம்தானே!" என்று கடந்து போவர். இவ்விரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. நகல் மாட்டுவது நன்று. நிறைய மாட்டுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் நகல்களில் பெரும்பாலானவை நகலாகவும் இல்லை. ஓரம் நறுக்கப்பட்டு, பெயர் நீக்கப்பட்டு, அளவு சுருக்கப்பட்டு, அழுக்கு நிறம் பூசப்பட்டு வருகின்றன. என் வழக்கு அவற்றின்மீதுதான்.

முதலில் "நகல்தானே" என்போர்க்கு விடை சொல்லி விடுகிறேன். அசல் என்பது எது? இத்துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் (1785–1851). அவருடைய 'அமெரிக்கப் பறவைகள்' 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மொத்தம் 435 படங்கள். தாளின் உயரம் ஏறக்குறைய 39 அங்குலம், அகலம் 26 அங்குலம். இந்நூலின் ஒரு முழுத் தொகுதி 2010 டிசம்பரில் இலண்டன் ஏலத்தில் 73 இலட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. உலகில் எஞ்சியிருக்கும் முழுத் தொகுதிகள் ஏறத்தாழ 120 என்பர். இத்தனை விலை மதிப்புள்ள அந்தத் தாள்களும் நகல்களே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்! ஆடுபான் தம் கையால் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் வேறு. அவர் மறைந்த பின் மனைவி லூசி அவற்றை 1863-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகத்துக்கு விற்றார். நூலில் உள்ளவை, அப்படங்களைப் பார்த்து இலண்டனில் இராபர்ட் ஹாவெல் என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, கூலிக்கு அமர்ந்த வண்ணக்காரர்களைக் கொண்டு தாள் தாளாக நிறம் தீட்டியவை. (முதல் சில தகடுகளை எடின்பரோவில் லிசார்ஸ் என்பவர் தொடங்கினார், அவருடைய வண்ணக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் பணி இலண்டனுக்குப் போயிற்று. தொழிலாளர் வரலாறு பயிலும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) ஒரே கிளி நூறு தாளில் நூறு கைகளின் பச்சையோடு வந்தது. அசல் ஒன்றே என்று அடம் பிடிப்போர் எந்தப் பச்சையை அசல் என்பர்?

அந்தச் செப்புத் தகடுகளின் கதையும் கேட்கத்தக்கது. நூல் முடிந்தபின் அவை அமெரிக்கா வந்தன. 1845-இல் நியூயார்க்கில் நேர்ந்த தீ விபத்தில் சில கெட்டன. எஞ்சியவை பிற்பாடு பழைய செம்பு விலைக்கு விற்கப்பட்டு, கனெக்டிகட் மாநிலத்து அன்சோனியா ஊர்த் தொழிற்சாலைக்கு உருக்குவதற்காக வந்து சேர்ந்தன. அங்கே மேலாளரின் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், அமிலத்தில் கழுவும்போது ஒரு தகட்டில் பறவையின் கால் போன்ற கோடுகளைக் கண்டான். உருக்காதீர்கள் என்று மன்றாடினான். தந்தை இசையவில்லை, தாய் இசைந்தார். எண்பதுக்குச் சற்றுக் குறைவான தகடுகள் இன்று உலகில் இருப்பதற்கு அந்தக் கண்ணே பெருங்காரணம். பெரியவர்கள் செம்பாகப் பார்த்ததைச் சிறுவன் பறவையாகப் பார்த்தான்.

அசல் தாள் வெளிச்சத்தில் தொங்கவே கூடாது என்பது இன்னொரு காரணம். கையால் தீட்டிய நீர்வண்ணம் ஒளி பட்டால் வெளிறும். கட்டிய நூலுக்குள் மூடிக் கிடந்த தாள்களே இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆகவே அசல் இருட்டில் உறங்கட்டும். நகல் நம் சுவரில் வெயில் தாங்கட்டும். அசல்தான் வேண்டும் என்று செல்வர்கள் ஆசைப்பட்டதால் என்ன நேர்ந்தது? பழைய நூல்களை வணிகர் வாங்கி, தையலை அறுத்து, படங்களைத் தனித்தனியே பிய்த்துச் சட்டமிட்டு விற்றனர். ஆடுபானின் தொகுதிகள் பலவும், ஜான் கூல்டின் நூல்கள் பலவும் இப்படிச் சிதைந்தன. முழுக் கோழியை விடத் துண்டுக் கறிக்கு விலை அதிகம் என்னும் கசாப்புக் கடைக் கணக்குதான் அது. நல்ல நகல் ஒன்று சுவரில் ஏறினால் பழைய நூல் ஒன்று முழுமையாய்ப் பிழைக்கும் என்றே நான் நம்புகிறேன்.

நம் வீடுகளுக்கு நகல் புதிதும் அன்று. 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி இலக்குமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் ஆயிரக்கணக்கில் அடித்து விட்டாரே, அவற்றுக்கு நம் பாட்டிமார் பூச்சூட்டிப் பொட்டிட்டு வணங்கினார்களே, "இது நகல்" என்று யாரேனும் கற்பூரத்தை அணைத்தார்களா? சிவகாசி நாட்காட்டி மாட்டாத தமிழ்ச் சுவர் உண்டா? வணங்கத் தகுந்த நகல், வியக்க மட்டும் தகாதா?

நகல் எப்படி இருக்க வேண்டும் என்னும் என் மனக்குறைக்கு இனி வருகிறேன்.

ஆடுபானுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தப் பறவையையும் அதன் உயிர் அளவிலேயே தீட்ட வேண்டும் என்பார். ஓசனிச்சிட்டு என்றால் விரல் நீளம். கழுகு என்றால் தாள் நிறையக் கழுகு. பூநாரை வந்ததும் தாள் போதவில்லை. அவ்வளவு பெரிய தாளிலும் நெடுங்காலும் நெடுங்கழுத்தும் கொண்ட அப்பறவை நிமிர்ந்து நிற்க இடமில்லை. அதனால் கழுத்தை வளைத்து, தலையைத் தரைக்குத் தாழ்த்தி, இரை தேடுவதுபோல் தீட்டினார். பெரிய நீலக் கொக்கும் அவ்வாறே குனிந்தது. பறவை குனிந்து மேயும் இயல்பும் தாளின் எல்லையும் கைகோத்து உண்டான அழகு அது. அந்தப் பூநாரையை இன்று ஒரு சாண் அகலத் தாளில் அச்சிட்டு, பக்கத்தில் அதே அளவுத் தாளில் ஓசனிச்சிட்டையும் மாட்டினால் என்ன மிஞ்சும்? இரண்டும் ஒரே அளவுப் பறவைகள் ஆகிவிடும். கழுத்து வளைந்ததற்குக் காரணமே தெரியாமல் போகும். ஓவியர் தம் வாழ்நாளெல்லாம் கட்டிக் காத்த ஒரே விதியைச் சட்டம் போடுபவர் ஒரு நொடியில் அழித்து விடுகிறார். சிறிய படமே வாங்க முடியும் என்றால் சிறு பறவையாக வாங்குங்கள். சிட்டும் குருவியும் உலகில் எத்தனையோ உள்ளன.

அடுத்தது, நறுக்கப்படும் ஓரம். பழைய படங்களின் அடியில் சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். பறவையின் பெயர், இலத்தீன் பெயர், ஆண் எது பெண் எது என்னும் எண், பக்கத்தில் உள்ள செடியின் பெயர். இடப்புறம் தீட்டியவர் பெயர், வலப்புறம் செதுக்கியவர் பெயர். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்றோ, எழுத்து அழகைக் கெடுக்கிறது என்றோ இந்த வரிகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். நம் தேர்வுத் தாளில் பதிவெண்ணைக் கிழித்தால் என்ன ஆகும் என்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அந்த வரிகளே முழு உண்மை சொல்பவை அல்ல. ஆடுபானின் படங்களில் பறவைகளுக்குப் பின்னால் இருக்கும் மலரும் கிளையும் அவர் தீட்டியவை என்றே எல்லோரும் எண்ணுகிறோம். 1820-இல் அவரோடு மிசிசிப்பி ஆற்றில் படகேறிய ஜோசப் மேசன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஐம்பது படங்கள் அளவில் செடிகொடிகளைத் தீட்டினான். அச்சில் அவன் பெயர் இல்லை. இன்னொரு செய்தி இதைவிட விந்தையானது. பொன்னிறக் கழுகின் அசல் நீர்வண்ணப் படத்தில், கீழே ஒரு மூலையில், மலைப்பிளவின் மேல் கிடக்கும் மரத்தின்மீது தவழ்ந்து செல்லும் சின்னஞ்சிறு வேடன் ஒருவன் இருக்கிறான். முதுகில் துப்பாக்கியும் ஒரு பறவையும். அது ஆடுபான் தம்மையே தீட்டிக்கொண்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஹாவெலின் அச்சில் அவ்வேடன் இல்லை! மரம் கிடக்கிறது, மனிதன் போய்விட்டான்.

ஜான் கூல்டு கதையில் மறைந்தது அவருடைய மனைவி. இமயமலைப் பறவைகள் நூறினைக் காட்டும் அவருடைய முதல் பெருநூல் 1830-களின் தொடக்கத்தில் வந்தது, 80 படங்கள். கல்லில் வரைந்தவர் எலிசபெத் கூல்டு. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த கோலால் இடவலம் மாற்றி வரைய வேண்டும், நீர் தெளித்து மை உருட்டினால் கோடு மட்டும் மையைப் பிடிக்கும், அதுதான் கல்லச்சு. நூற்றுக்கணக்கில் அவ்வாறு வரைந்துவிட்டு, எட்டாம் மகப்பேற்றுக்குப் பின் 1841-இல், 37 வயதில் அவர் இறந்தார். அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் வேறு ஓவியர்களைக் கொண்டு நூல்கள் வந்தன. இன்று கடைக்காரரைக் கேட்டால் "கூல்டு படம்" என்கிறார். எந்தக் கூல்டு என்று நான் கேட்டால் பைத்தியக்காரன் என்று பார்க்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் எட்வர்டு லியர். நகைச்சுவைப் பாட்டுகளால் பெயர் பெற்றவர். ஆனால் 1830-இல், பதினெட்டு வயதில், அவர் தொடங்கியது கிளிகளைப் பற்றிய நூல். 42 படங்கள். பாடம் செய்த உடல்களை மேசைமேல் வைத்து மற்றவர்கள் வரைந்த காலத்தில், அவர் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உயிருள்ள கிளியின் முன் அமர்ந்து வரைந்தார். 175 படிகளுக்கு மேல் அச்சிடவில்லை. வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்து விட்டார், அடுத்த படத்துக்கு அதே கல் வேண்டுமே! அவருடைய கிளிகள் நம்மைப் பார்க்கின்றன. சில முறைக்கின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் இந்தியா வந்து, மாமல்லபுரத்தின் பாறைகளையும் வரைந்து சென்றார் என்பது நமக்கு ஓர் உபரி மகிழ்ச்சி.

எங்கள் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தைச் சென்ற பருவத்தில் வெள்ளையடித்துப் பன்னிரண்டு படங்கள் மாட்டினார்கள். நன்கொடையாக வந்தவை. மாட்டியது நல்ல செயல். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் விற்ற கடைக்காரர் வழக்கம்போல் அடிவரிகளை நறுக்கி, தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு நிறத்தையும் தாள் முழுதும் ஏற்றியிருந்தார். பழையது என்றால் பழுப்பு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் மூன்றாவது படத்தில் ஏழு பச்சைக் கிளிகள். மஞ்சள் தலை, செம்மஞ்சள் முகம், ஒரு முட்செடியில் மொய்த்துக்கொண்டு ஒன்றோடொன்று பேசுவது போன்ற தோற்றம். நூலக உதவியாளரிடம், "அண்ணே, இது என்ன கிளி?" என்றேன். "கிளிதான் தம்பி. தலை மஞ்சளா இருக்கு பாருங்க, வெளிநாட்டுக் கிளி போல" என்றார். அவர்மேல் என்ன குற்றம்? படத்தில் பெயர் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

அது கரோலைனாக் கிளி. ஆடுபானின் 26-ஆம் படம். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளுக்கே உரிய கிளி. அது தின்று கொண்டிருக்கும் செடி, நம்மூர்த் தரிசில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தையின் இனம். பழத்தோட்டங்களை அழிக்கிறது என்று உழவர் சுட்டனர். சுட்டு வீழ்ந்த துணையை விட்டுப் பிரியாமல் கூட்டம் முழுவதும் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தும்; ஆகவே கூட்டம் முழுவதையும் சுடுவது எளிதாயிற்று. ஆடுபானே இதை எழுதி வைத்திருக்கிறார். தொப்பிக்கு இறகு வேண்டியோரும் வேட்டையாடினர், காடுகளும் குறைந்தன. கூண்டில் எஞ்சிய கடைசிக் கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அதே காட்சிச்சாலையில்தான், 1914 செப்டம்பர் முதல் நாள், உலகின் கடைசிப் பயணப்புறாவும் இறந்தது. அந்தப் புறாவையும் ஆடுபான் தீட்டியிருக்கிறார். ஆணும் பெண்ணும் அலகோடு அலகு வைத்து. 1813-இல் அவர் கெண்டக்கியில் பயணம் போனபோது அப்புறாக் கூட்டம் மூன்று நாள் ஓயாமல் வானத்தை மறைத்துக்கொண்டு பறந்ததாம்.

இப்போது நம் வாசிப்புக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். அந்தக் கிளியின் கீழ் அமர்ந்து நாள்தோறும் நாற்பது மாணவர்கள் படிக்கிறார்கள். பூமியில் இல்லாமல் போன ஓர் இனத்தின் நினைவுப் படம் தலைக்கு மேல் தொங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இறந்தவர் படத்தை மாட்டி, பெயரையும் மறைந்த நாளையும் எழுதாமல், "சுவருக்கு நிறம் பொருத்தமாயிருக்கிறது" என்று சொல்லும் வீடு எங்கேனும் உண்டா? நறுக்கப்பட்ட அந்த ஒரு விரற்கடைத் தாள் எனக்கு இவ்வளவு உறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஆடுபானை மாட்டுவதே தகுமா என்று கேட்போரும் உண்டு, கேட்கத்தக்க கேள்வியே. பறவையைச் சுட்டுக் கொன்று, உடல் விறைக்குமுன் கம்பியால் பலகையில் நிறுத்தி, கட்டம் கட்டிய தாளில் வரைந்தார். அந்தப் பொன்னிறக் கழுகைக் கரிப்புகையில் மூச்சடைக்க வைத்துக் கொல்ல முயன்று, அது சாகாமல் முறைக்க, கடைசியில் இருதயத்தில் குத்திக் கொன்றார். மனிதரிடத்தும் அவர் நல்லவராய் இல்லை. அடிமைகளை வாங்கினார், விற்றார். அவர் பெயர் தாங்கிய அமெரிக்கத் தேசியப் பறவைச் சங்கம், பெயரை மாற்றுவதா என்று ஆராய்ந்து 2023-இல் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தது. அதன் நகரக் கிளைகள் சில தாமாகவே பெயரை மாற்றிக்கொண்டன. என் கருத்தைக் கேட்டால், படம் இருக்கட்டும், அடிவரியும் நீளட்டும் என்பேன். கிளியை அறிய அந்தப் படத்தைவிடச் சிறந்த சான்று நமக்கு இல்லை. அதைக் கழற்றினால் கிளி இரண்டாம் முறை சாகும். தீட்டியவரின் குற்றத்தை மறைத்து மாட்டினால் அதுவும் நறுக்கல்தான்.

அமெரிக்கக் கிளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே, நம் பறவைகளுக்கு அப்படிப் படங்கள் உண்டா என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்டு ஐயா, உண்டு! அதுவும் ஆடுபானுக்கு முன்னால், நம் சென்னையிலேயே!

1801-இல் சென்னையில் உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டபோது நீதிபதியாக வந்தவர் சர் ஹென்றி குவில்லிம். அவருடைய மனைவி எலிசபெத் குவில்லிம், தங்கை மேரி சைமண்ட்சுடன் இங்கே வாழ்ந்தார், தெலுங்கு பயின்றார், தாயகத்துக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார், சென்னைப் பறவைகளை, பெரியவற்றைக்கூட உயிர் அளவில், நீர்வண்ணத்தில் தீட்டினார். ஆடுபானின் முதல் தகடு செதுக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த செய்தி இது. 1807 இறுதியில் சென்னையிலேயே இறந்து, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானார். படங்கள் யாரும் அறியாமல் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. 1924-இல் கேசி வுட் என்னும் மருத்துவர் இலண்டனில் அவற்றைக் கண்டெடுத்து, கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். 121 பறவைப் படங்கள் இன்றும் அங்கே உள்ளன. இணையத்தில் எவரும் காணலாம். அம்மையாரின் பெயர் ஆடுபானோடு சேர்த்துச் சொல்லப்படாமைக்கு ஒரே காரணம், அவருக்கு ஒரு ஹாவெல் வாய்க்கவில்லை. படங்கள் அச்சேறவில்லை, நகல் ஆகவில்லை. நகலை இகழ்வோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர் ஜெர்டன், கும்பினியின் சென்னைப் படையில் மருத்துவர். 1843 முதல் 1847 வரை சென்னையில் 50 வண்ணப் படங்களுடன் இந்தியப் பறவை நூல் வெளியிட்டார். வரைந்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு ஓவியர்கள். நூலின் முகப்பில் பெரிதாய் இருப்பது மருத்துவரின் பெயர். அவர் பெயர் தாங்கிய ஒரு பறவையும் உண்டு. தெலுங்கர் கலிவி கோடி என்பர். 1900-க்குப் பின் அழிந்தது என்றே எண்ணியிருந்தார்கள். 1986-இல் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டுபிடித்தனர். முதலில் பிடித்துக் காட்டியவர் அவ்வூர்ப் பறவை வேடர் ஒருவர்.

இவ்விடயத்தில் கல்கத்தாவைப் பாராட்டத்தான் வேண்டும். 1777 முதல் அங்கே இம்பே சீமாட்டி பாட்னாவிலிருந்து ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் மூவரை அழைத்துவந்து, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளை வரையச் செய்தார். படங்களின் ஓரத்தில் பறவையின் பெயரும் தீட்டியவர் பெயரும் பாரசீக எழுத்தில் இருக்கின்றன. மொகலாயச் சிற்றோவிய மரபில் பழகிய கை, ஐரோப்பியத் தாள். ஒவ்வோர் இறகும் எண்ணத் தக்கதாய் இருக்கும். தொகுப்பு 1810-இல் இலண்டனில் ஏலம் போய்ச் சிதறிவிட்டது. ஆனால் ஓரத்தில் பெயர் இருந்ததால், சிதறிய படம் எங்கே முளைத்தாலும் "இது ஜைனுத்தீன் கை" என்று உலகம் அறிகிறது. 2019-இல் இலண்டனில் இந்த ஓவியர்களின் பெயராலேயே ஒரு பெருங்கண்காட்சி நடந்தது. அந்த இரண்டு வரி எழுத்து இல்லாவிடில் எல்லாம் "இம்பே சீமாட்டி படங்கள்" என்று மட்டுமே நின்றிருக்கும்.

தமிழனுக்குப் பறவையைப் பார்க்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கண்ட சத்திமுத்தப் புலவரின் கண் எந்த ஆடுபானுக்கும் குறைந்ததன்று. நம் காலத்திலும் மா. கிருஷ்ணன் தமிழில் பறவைகளைப் பற்றி எழுதினார். 1950 முதல் 1996 வரை கல்கத்தா ஆங்கில நாளேட்டில் தாமே படமும் வரைந்து எழுதினார். ஆனாலும் நம் கல்லூரிச் சுவரில் செம்போத்து இல்லை, பனங்காடை இல்லை, நம் மாநிலப் பறவையான மரகதப்புறாகூட இல்லை. இருப்பவை பன்னிரண்டும் கடல்கடந்தவை.

முதல்வர் அவர்களுக்கும் நூலகக் குழுவினர்க்கும் இப்பக்கத்தின் வாயிலாக என் வேண்டுகோளை வைக்கிறேன். பன்னிரண்டு படங்களையும் கழற்ற வேண்டாம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டுவோம்: பறவை, அதன் நாடு, தீட்டியவர், அச்சிட்டவர், ஆண்டு. விலங்கியல் மாணவர் பெயர்களைக் கண்டு தருவோம். வரலாற்று மாணவர் ஆண்டுகளைச் சரிபார்க்கட்டும். தமிழ் மாணவர் தமிழ்ப் பெயரை ஆராயட்டும். கொக்குக்கும் நாரைக்கும் அவர்களுக்குள் வாதம் நடக்கும், நடக்கட்டும். மேற்குச் சுவர் இன்னும் வெறுமையாய் இருக்கிறது. அதற்குக் குவில்லிம் அம்மையாரின் படங்கள் நான்கினை மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதி இசைவு பெற்று அச்சிடலாம். பழைய நூல்கள் பலவும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகத்தில் அடிவரியோடும் ஓரத்தோடும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆடுபானின் 435 படங்களையும் அமெரிக்கத் தேசியச் சங்கமே இலவசமாகத் தருகிறது. செலவு தாளுக்கும் மைக்கும் சட்டத்துக்கும்தான். பழுப்புப் பூச்சு மட்டும் வேண்டாம் என்று அச்சகத்தாரிடம் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் ஓர் ஆசை. மாடிப்படித் திருப்பத்தில், சன்னலுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில், அந்த அமெரிக்கப் பூநாரையை முழு அளவில், ஓர் அங்குலமும் குறைக்காமல் மாட்ட வேண்டும். கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வந்து போகும் நம் பூநாரைக்கு அது உறவுப் பறவை. பக்கத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு பெரியது, கழுத்தை ஏன் வளைத்தது என்பது எவருக்கும் சொல்லாமலே புரியும். நாடா கொண்டு அளந்து பார்த்துவிட்டேன். சட்டத்தோடு சேர்த்து 45 அங்குல உயரமும் 32 அங்குல அகலமும் வேண்டும், இடம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையை மட்டும் அரை அடி இடப்புறம் நகர்த்த வேண்டும்.